நீர்மட்டம், காலை எட்டு மணி

காலை எட்டு மணிக்கு முல்காமோ
ஆற்றுக்கு இறங்குகிறாள்.
ரப்பர் காலணி, கணவனின் பழைய ராணுவக் கோட்டு,
காதில் செருகிய பென்சில்.
கரையோரம் நட்ட இரும்புக்கோலில்
தண்ணீர் எந்தக் கோட்டை நக்குகிறதோ
அந்த எண்ணைக் குறிக்க வேண்டும்.
இரவு எட்டுக்கு இன்னொரு முறை.
இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை,
சம்பளம் வராத வருடங்களிலும்.

பாஞ்ச் என்பது ஆற்றின் பெயர்.
ஐந்து என்று பொருள்.
எந்த ஐந்து என்று கேட்டால்
ஊரில் ஆளுக்கொரு கணக்கு.
பாமிர், வாகான், குந்த், பார்தங்
என நாலு வரை சண்டையில்லை.
ஐந்தாவதில் அடிதடி.

மே மாதம் தாழ்ந்த சரிவுகளின் பனி:
தண்ணீர் ஆறிய தேநீர் நிறம்.
ஜூலையில் உச்சியின் பழைய பனி இளகும்:
சாம்பல் நிறம்,
குடித்தால் பல்லில் நறநறக்கும் மலைமாவு.

ஒருமுறை மலைக்கு
மாவாகும் வரை பொறுமை இருக்கவில்லை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, மாசிக் குளிர்.
நிலம் குலுங்க, ஒரு மலைப்பக்கம் அப்படியே உட்கார்ந்தது.
உசோய் ஊர் அதன் அடியில்.
மேலே தேங்கிய நீரில்
சரேஸ் ஊர் மாதக்கணக்கில் மூழ்கியது,
பானை சட்டியை எடுத்துக்கொள்ள
அவகாசம் கொடுத்து.
அந்த ஏரி இன்னும் அங்கேயே,
யாரும் கட்டாத அணைக்குப் பின்னால்.

அதற்கும் முன்பே ஆற்றுக்கு
இன்னொரு வேலை கொடுத்திருந்தார்கள்.
இதில் கால் நனைக்காத இரண்டு அரசாங்கங்கள்
வரைபடத்தில் அதன்மேல் மை ஓட்டின.
அக்கரையில் பெண் கொடுத்தவர்கள்
பிறகு பெண்ணைப் பார்க்கவில்லை.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதெல்லாம் வேறு ஊரில்.
இங்கே இரண்டும் ஒரே சாம்பல்,
ஒரே பாப்ளர் மரம்,
திட்டும்போது ஒரே வார்த்தை.

அக்கரையில் ஷோநசர்.
அவன் பார்லி வயலை ஆறு வருடத்துக்கு ஒரு முழம் தின்கிறது.
எவ்வளவு தின்றது என்று தெரிய
படிப்படியாக ஏழு கற்களை நட்டு
வெள்ளை அடித்திருக்கிறான்.
முல்காமோவுக்கு அவன் பெயர் தெரியாது.
கற்களைத் தெரியும்.
மூன்றாம் கல் முழுகினால்
தன் கோலில் நானூற்றுப் பத்து.

இந்த ஜூலையில் ஓர் இரவு
ஓடைப்பள்ளம் சேறும் பாறையுமாக இறங்கியது.
விடிந்தபோது இரும்புக்கோல் இல்லை.
கோல் நட்ட கரையே இல்லை.
எட்டு மணி.
பென்சிலோடு நின்றாள்.
எதிரே அவன் தன் வயலின் மிச்சத்தில் நின்றான்.
தண்ணீர்ச் சத்தத்தில் குரல் எடுபடாது.
அவன் கையைத் தூக்கினான்:
ஐந்து விரல்.

நானூற்று அறுபத்தெட்டு என்று எழுதினாள்.
குறிப்புக் கட்டத்தில் 'அக்கரைக் கற்களின்படி' என்றும் எழுதி,
பிறகு அழித்தாள்.
தாள் அந்த இடத்தில் மட்டும்
வெங்காயச் சருகு போல.

கீழே வக்ஷ் வந்து சேர, பெயர் ஆமு ஆகும்.
ஒருவர் ஆக்சஸ் என்றார், ஒருவர் ஜெய்ஹூன்.
ஒரு காலத்தில் காஸ்பியன் பக்கம் போய்ப் பார்த்து
மனம் மாறித் திரும்பிய ஆறு.
போன தடம் பாலைவனத்தில் இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.
ஆரல் கடலுக்கு என்று கிளம்பியதை
வழியில் கால்வாய்கள் கைபிடித்து இழுத்தன,
வெள்ளை விளைச்சலுக்கு.

என் மொழியில்
பாஞ்சுக்குப் பக்கத்தில் பஞ்சு,
பஞ்சுக்குப் பக்கத்தில் பஞ்சம்.
நாவுக்கு அரை நொடி.
ஆற்றுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

கெகெய்லியில் பரஹாத் மதகைத் திறக்கிறாள்.
ஆகஸ்டு. உப்புப் பூத்த வரப்பு.
மதகுச் சுவரில்
அவளே சுண்ணாம்பால் போட்ட ஒரு கோடு.
யாருக்கும் எழுதி அனுப்ப வேண்டியதில்லை,
ஆனாலும் குனிந்து பார்க்கிறாள்.
மூன்று விரல் குறைவு.
முலாம்பழத்துக்கு மட்டும் போதும்.